ஓயாமல் யோசிக்கும், ஓடிக்கொண்டே இருக்கும் பெண்களுக்கு: பதற்றத்தைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

மீட்டிங் நன்றாகத்தான் முடிந்தது. பத்துப் பேரில் ஒன்பது பேர் பாராட்டினார்கள். பத்தாவது ஆள் மட்டும் "ம்ம்... பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினார். அன்று இரவு 2 மணிக்கு உங்கள் தலைக்குள் ஓடுவது அந்த "ம்ம்" மட்டும்தான். அது எவ்வளவு நீளமாக இருந்தது, சொல்லும்போது அவர் யாரைப் பார்த்தார் என்பது வரைக்கும் அலசி முடித்திருப்பீர்கள். காலையில் எழுந்து, எதுவுமே நடக்காதது போல, அடுத்த வேலையைக் கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாகவே முடித்தும் கொடுப்பீர்கள்.

வேலை கெட்டால் யாராவது கவனித்து என்ன ஆச்சு என்று கேட்பார்கள். உங்கள் வேலை கெடுவதே இல்லை. "அவளுக்கென்ன, எல்லாத்தையும் சமாளிச்சிடுவா" என்று சொல்லி இன்னும் இரண்டு பொறுப்பைத்தான் தருவார்கள். உள்ளே எந்நேரமும் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருப்பது வெளியே யாருக்கும் கேட்பதில்லை. கொஞ்ச நாளில் உங்களுக்கே கேட்காது. இதுதான் என் சுபாவம் போல என்று விட்டுவிடுவீர்கள்.

பல வருடங்கள் நானும் அப்படித்தான் விட்டுவைத்திருந்தேன். கீழே இருக்கும் வழிகள் நான் கண்டுபிடித்தவை அல்ல. பெரும்பாலும் உளவியல் ஆய்விலும் சிகிச்சையிலும் புழங்குபவை. வரிசை மட்டும் என்னுடையது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்துவிடத் திட்டம் போட உங்களுக்குக் கை துறுதுறுக்கும். வேண்டாம். அந்தத் துறுதுறுப்பும் இதே நோயின் ஒரு கிளைதான்.

காக்கையும் பனம்பழமும்

படிகளுக்குப் போகும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இது புரியாமல் மூச்சுப்பயிற்சி, தியானம் என்று எதைச் செய்தாலும் மூன்றாம் வாரம் பழைய இடத்துக்கே வந்து நிற்போம்.

ஒரு ப்ரசன்டேஷனுக்கு முன் நான்கு நாட்கள் கவலைப்படுகிறோம். ஸ்லைடுகளை முப்பது முறை திருத்துகிறோம். அது நன்றாகப் போய்விடுகிறது. உடனே மனம் கணக்கு எழுதுகிறது: "கவலைப்பட்டேன், அதனால் ஜெயித்தேன்." காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பழம் விழுந்தது அது பழுத்திருந்ததால். பழுக்க வைத்தது உங்கள் படிப்பு, அனுபவம், உழைப்பு. பெயர் மட்டும் காக்கைக்குப் போகிறது. அடுத்த முறை காக்கை வந்து உட்காரவில்லை என்றால் நமக்கே பயமாக இருக்கிறது: "இந்தத் தடவை டென்ஷனே இல்லையே, எதையோ விட்டுட்டேன் போல!"

தோற்றுக்கொண்டே இருப்பவருக்குக் கவலையால் லாபம் இல்லை என்பது எப்போதாவது உறைக்கும். ஜெயித்துக்கொண்டே இருப்பவருக்கு அது உறைக்க வழியே இல்லை. ஒவ்வொரு வெற்றியும் காக்கைக்கு ஒரு மாலை.

1978-இல் பாலின் கிளான்ஸ், சுசேன் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், நன்றாகச் சாதித்த 150-க்கும் மேற்பட்ட பெண்களோடு பழகியதிலிருந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆய்வுப் பட்டம் பெற்றவர்கள், தங்கள் துறையில் மதிக்கப்பட்டவர்கள், முதல் தர மாணவிகள். அவர்களில் பலர், தங்கள் வெற்றி அதிர்ஷ்டத்தால் வந்தது அல்லது மற்றவர்கள் தங்களைத் தவறாக எடைபோட்டதால் வந்தது என்றே நம்பினார்கள். என்றாவது ஒருநாள் குட்டு உடைந்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. இன்று 'இம்போஸ்டர் சிண்ட்ரோம்' என்று எல்லோரும் சொல்வது இங்கிருந்து கிளம்பியதுதான். (அவர்கள் இட்ட பெயரில் 'சிண்ட்ரோம்' கிடையாது. அதை ஒரு நோயாக அவர்கள் சொல்லவில்லை.)

பழியை முழுக்க நம் மனதின் மேல் போடுவதும் நியாயம் இல்லை. ஒரே தவறை ஆண் செய்தால் "பிஸியா இருந்திருப்பார்", பெண் செய்தால் "இவங்களுக்கு இது ஒத்துவராது" என்று பேசும் இடத்தில் வேலை செய்பவர் இரண்டு முறை சரிபார்ப்பது பைத்தியக்காரத்தனம் அல்ல, அனுபவம். அதனால் கீழே உள்ள எதையும் "உன் பயம் எல்லாம் பொய்" என்று வாசிக்காதீர்கள். எது தகவல், எது வெறும் இரைச்சல் என்று பிரிக்கக் கற்பதுதான் இங்கே வேலை.

படி 1: முதலில் உடம்பைச் சோதியுங்கள்

இதைக் கடைசியில் போடுவார்கள். நான் முதலில் போடுகிறேன், ஏனென்றால் நான் கடைசியில் செய்து ஏமாந்தேன்.

தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வரும். பார்க்க அப்படியே பதற்றம் போலத்தான் இருக்கும். இரத்தசோகை இருந்தாலும் இதயம் படபடக்கும், சோர்வு வாட்டும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும், மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வருடங்களிலும் ஹார்மோன் ஏற்ற இறக்கம் பதற்றத்தைக் கிளறிவிடும். ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையும், இரண்டு மூன்று மாதம் மாதவிடாய்த் தேதியோடு சேர்த்து எழுதிய குறிப்பும் இருந்தால் மருத்துவரால் நிறையச் சொல்ல முடியும்.

அப்புறம் காபி. உடம்பில் சேர்ந்த காஃபினில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். மாலை 4 மணிக்குக் குடித்த காபி இரவு 9 மணிக்கும் பாதி உள்ளே இருக்கிறது. அந்தப் படபடப்புக்கு மனம் ஒரு காரணம் தேடும். தேடினால் கிடைக்காமலா போகும்? நாளைய மீட்டிங் இருக்கிறதே! இரண்டு வாரம் மதியத்தோடு காபியை நிறுத்திப் பாருங்கள். திடீரென்று முழுக்க விட்டால் தலைவலிக்கும், மெல்லக் குறையுங்கள்.

படி 2: யோசனையைத் தரம் பிரியுங்கள்

"நான் ரொம்ப யோசிக்கிறேன்" என்று பொதுவாகச் சொன்னால் எதையும் செய்ய முடியாது. உள்ளே ஓடுவதில் குறைந்தது நான்கு வகை இருக்கிறது.

ஒன்று, திட்டமிடல். இது நல்ல பிள்ளை. வெள்ளிக்கிழமைக்குள் என்னென்ன வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று பார்ப்பது. இரண்டாவது, கவலை. அது எப்போதும் எதிர்காலத்தில் வாழும், "ஒருவேளை..." என்று தொடங்கி "அப்படி ஆயிட்டா?" என்று முடியும். மூன்றாவது, அசைபோடுதல். நடந்து முடிந்ததைத் திரும்பத் திரும்ப மெல்லுவது, "ஏன் அப்படிச் சொன்னேன்?", "நான் ஏன் இப்படி இருக்கேன்?". சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற உளவியலாளர் இதைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். சராசரியாக ஆண்களைவிடப் பெண்கள் இப்படி அசைபோடுவது அதிகம் என்பதும், அது மனச்சோர்வை நீட்டிக்கும் என்பதும் அவருடைய ஆய்வுகளில் வந்தவை. நான்காவது, நினைவில் சுமப்பது: வீட்டிலும் வேலையிலும் யாரும் எழுதிவைக்காத நூறு விஷயங்களை நீங்கள் ஒருவரே மறக்காமல் வைத்திருப்பது. அதற்குத் தனியாக வருகிறேன்.

பிரிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: பத்து நிமிடம் யோசித்து முடித்ததும் கையில் ஒரு வேலை இருக்கிறதா? "நாளை காலை 10 மணிக்கு அவருக்குப் போன் செய்வேன்" என்று ஏதாவது இருந்தால் அது திட்டமிடல், தொடருங்கள். பயம் மட்டும் மிச்சம் என்றால் கவலை. வெட்கம் மட்டும் மிச்சம் என்றால் அசைபோடுதல்.

அசைபோடுகிறீர்கள் என்று தெரிந்தால் 'ஏன்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'எப்படி' என்று போடுங்கள். எட்வர்ட் வாட்கின்ஸ் என்ற உளவியலாளர் அசைபோடும் பழக்கத்துக்கென்றே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். அதில் இந்த மாற்றத்துக்கு முக்கிய இடம் உண்டு. "நான் ஏன் எப்பவும் சொதப்புறேன்?" என்ற கேள்விக்கு அடியே கிடையாது, போய்க்கொண்டே இருக்கலாம். "அந்த மீட்டிங்கில் எந்த நிமிடத்தில் தடுமாறினேன், அடுத்த முறை அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்லலாம்?" என்பதற்கு ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும்.

படி 3: மூச்சு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதைப் பற்றி ஊரே பேசுகிறது. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் மெதுவாகும். அதனால் இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். மூக்கால் இழுங்கள், நிரம்பியதும் மேலே இன்னொரு சின்ன இழுப்பு, பிறகு வாயால் மெல்ல, நீளமாக விடுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், தினம் 5 நிமிடம் வீதம் ஒரு மாதம் இப்படிச் செய்தவர்களுக்கு மனநிலை நன்றாகவே தேறியது.

பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது தர்க்கம் ஏறாது. அப்போது "நூற்றுக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு?" என்று கேட்டுக்கொண்டிருப்பது வீண். முதலில் மூச்சு, இல்லையென்றால் பத்து நிமிட வேகநடை, அதன் பிறகு படி 5-இல் வரும் கணக்கு நோட்டு.

படி 4: கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள்

கேட்கும்போது சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. ஆனால் இந்தப் பட்டியலில் எனக்கு மிக விரைவில் பலன் தந்தது இதுதான்.

"யோசிக்காதே" என்று மனதுக்குச் சொன்னால் அது கேட்காது. 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சிலரிடம், வெள்ளைக் கரடியைப் பற்றி மட்டும் நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணி அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போதாததற்கு, பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று அனுமதி கொடுத்ததும், தொடக்கத்திலிருந்தே அனுமதி இருந்தவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. அடக்கினால் பொங்கும்.

தள்ளிப்போடுவது வேறு. தாமஸ் போர்கோவெக்கும் அவருடைய குழுவினரும் 1983-இல் வெளியிட்ட முறை இது: தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், 30 நிமிடம் கவலைப்பட உட்காருங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால், "சாயந்திரம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புங்கள்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். தூங்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் ஒரு நேரத்தைப் பிடியுங்கள். கட்டிலும் சோஃபாவும் வேண்டாம். கொஞ்சம் அசௌகரியமான நாற்காலியே உத்தமம். பகலில் வரும் கவலையை ஒரு வரியில் எழுதிவையுங்கள்: "புது பாஸ் என்னை ஓரங்கட்டுவாரோ." அவ்வளவுதான், விளக்கம் வேண்டாம். மாலையில் அலாரம் வைத்துவிட்டு அந்தப் பட்டியலை எடுத்து, மனதார, முழுமூச்சாகக் கவலைப்படுங்கள். கையில் ஒரு வேலை தரக்கூடிய கவலை என்றால் அந்த வேலையை நாளைய பட்டியலுக்கு மாற்றுங்கள். மற்றவற்றோடு சும்மா உட்கார்ந்திருங்கள். அலாரம் அடித்ததும் எழுந்துவிட வேண்டும், பாதியில் நின்றாலும் சரி.

இரண்டு விஷயம் நடக்கும். முதல் மூன்று நாள் மனம் ஏமாற்றும்: "இது அவசரம், இப்பவே யோசிக்கணும்." அவசரம் என்றால் எழுந்துபோய் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். செய்ய ஒன்றும் இல்லை என்றால் அது அவசரம் இல்லை. இரண்டாவது, ஒரு வாரத்தில் மாலை வரும்போது காலையில் எழுதிய பாதிக் கவலைகளில் உப்புச் சப்பு இருக்காது. 30 நிமிடத்தை நிரப்பவே கஷ்டமாக இருக்கும். எனக்கு ஒன்பதாம் நாள் 12 நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. மிச்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிச் சும்மா உட்கார்ந்து எத்தனை வருடம் ஆகியிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

படி 5: கணக்கு நோட்டு

அந்தக் கவலைப் பட்டியலைக் கிழித்துப் போடாதீர்கள். பக்கத்தில் இரண்டு பத்திகள் போடுங்கள்: "என்ன நடக்கும் என்று நினைத்தேன்", "என்ன நடந்தது". முதல் பத்தியில் சோதித்துப் பார்க்கக்கூடியபடி எழுத வேண்டும். "எல்லாம் கெட்டுவிடும்" என்று எழுதினால் யாராலும் சரிபார்க்க முடியாது. "புதன்கிழமைக்குள் அவர் என் ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்புவார்" என்று எழுதினால் புதன்கிழமை தெரிந்துவிடும்.

பதற்ற நோய் இருந்த 29 பேரிடம் இதையே ஆய்வாகச் செய்து 2020-இல் வெளியிட்டார்கள். அவர்கள் எழுதிய கவலைகளில் 91.4 சதவீதம் நடக்கவே இல்லை. தங்கள் கவலைகள் எவ்வளவுக்கு எவ்வளவு பொய்த்துப்போனதை அவர்கள் கண்ணால் பார்த்தார்களோ, சிகிச்சையின் முடிவில் அவ்வளவுக்குப் பதற்றம் குறைந்திருந்தது.

இங்கே உங்கள் மனம் குறுக்கே வந்து ஒன்று சொல்லும், எனக்குத் தெரியும்: "நடக்கலைதான். ஏன் நடக்கலை? நான் கவலைப்பட்டுத் தடுத்ததால!" காக்கை திரும்ப வந்துவிட்டது. அதை விரட்ட நோட்டு மட்டும் போதாது.

படி 6: காக்கை இல்லாமல் பழம் விழுகிறதா என்று பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

கவலை தலைக்குள் மட்டும் இருப்பதில்லை. அது நம்மை சில காரியங்களைச் செய்யவைக்கிறது; அவற்றை நாம் 'பொறுப்பு' என்று பெயர் சூட்டி வைத்திருக்கிறோம். மெயிலை ஏழு முறை படித்துவிட்டு அனுப்புவது. அனுப்பிய பிறகு 'அனுப்பியவை' பெட்டியைத் திறந்து எட்டாவது முறை படிப்பது. "கோபமா இருக்கீங்களா?" என்று ஒருவரிடமே மூன்று விதமாகக் கேட்பது. தெரிந்த பதிலையும் "தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க" என்ற முன்னுரையோடு சொல்வது. இரண்டு மணி நேர வேலைக்கு ஆறு மணி நேரம் தயாராவது. சிகிச்சையில் இவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் என்பார்கள். இவை அந்த நிமிடத்துக்கு நிம்மதி தரும். கூடவே, இவை இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பையும் பறித்துவிடும்.

உங்களுடையவற்றைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றையும் விட்டால் எவ்வளவு பயமாக இருக்கும் என்று 0 முதல் 100 வரை மதிப்பெண் கொடுங்கள். 30-இல் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். 90-இல் இருப்பதை முதலில் தூக்க வேண்டும் என்று தோன்றும், முதல் ரேங்க் புத்தி. வேண்டாம். பிறகு, விடுவதற்கு முன் கணிப்பை எழுதுங்கள்: "ஒரே முறை படித்து அனுப்பினால் தப்பு வரும், அவர் சுட்டிக்காட்டுவார், என் மேல் மதிப்புக் குறையும்." செய்யுங்கள். ஒரு வாரம் கழித்து, நடந்ததை எழுதுங்கள்.

நான் செய்த முதல் சோதனை, வாரந்தோறும் அனுப்பும் ஒரு ரிப்போர்ட்டை ஒரே முறை சரிபார்த்து அனுப்புவது. உண்மையிலேயே அதில் ஒரு பிழை போய்விட்டது. ஒரு தலைப்பில் மாதத்தின் பெயரை மாற்றிப் போட்டிருந்தேன். மூன்று நாள் வயிற்றில் புளியைக் கரைத்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. நாலாம் நாள் நானே போய்ச் சொன்னபோது தெரிந்தது, அதை யாரும் திறந்தே பார்க்கவில்லை. முப்பது முறை மெருகேற்றிக்கொண்டிருந்த அந்த ரிப்போர்ட்டை எத்தனை மாதமாக யாரும் திறக்கவில்லை என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு எல்லை உண்டு. மருந்தின் அளவு, சட்ட ஆவணம், பணப் பரிமாற்றம், மற்றவர் உயிர் சம்பந்தப்பட்ட வேலை ஆகியவற்றில் சரிபார்ப்பு என்பது வேலையின் விதி. அங்கே சோதனை செய்யாதீர்கள். அங்கேயும்கூட, விதி இரண்டு முறை என்று சொன்னால் இரண்டு முறை; பன்னிரண்டு அல்ல.

முடிவெடுப்பதற்கும் இதே வழிதான். ஹெர்பர்ட் சைமன், பின்னாளில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர், 1956-இலேயே சொன்னார்: மனிதர்களும் மற்ற உயிர்களும் பெரும்பாலும் ஆகச் சிறந்ததைத் தேடுவதில்லை, தேவைக்குப் போதுமானது கிடைத்ததும் நின்றுவிடுகின்றன. நாம் மட்டும் ஒரு தலையணை உறை வாங்கவும் நாற்பது விமர்சனம் படிக்கிறோம். எதையும் தேடத் தொடங்கும் முன், 'போதும்' என்றால் என்ன என்று எழுதுங்கள். மூன்று நிபந்தனைக்கு மேல் வேண்டாம். அவற்றை நிறைவேற்றும் முதல் பொருளையோ வழியையோ எடுத்துக்கொண்டு நகருங்கள். திரும்பப் பெற முடியாத பெரிய முடிவுகளுக்கு மட்டும் அதிக நேரம் கொடுங்கள். அவை வருடத்துக்கு நாலைந்துதான் வரும்.

படி 7: தலையில் இருக்கும் சுமையை முழுதாகக் கைமாற்றுங்கள்

மேலே சொன்ன நான்காவது வகை. இதை மனப்பயிற்சியால் தீர்க்க முடியாது, ஏனென்றால் இது மனப்பிரச்சினையே இல்லை. இது வேலைப் பங்கீடு.

அலிசன் டேமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் விரிவாகப் பேசி 2019-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். வீட்டு வேலையின் மூளை உழைப்பை அவர் நான்காகப் பிரித்தார்: தேவை வருமுன் உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் பெரும்பாலும் இருவரும் சேர்ந்துகொள்கிறார்கள். முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் பெண்கள் தலையில். கண்ணுக்குத் தெரியாதவையும் அவைதான்.

"நீ சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே" என்ற வாக்கியம் ஏன் எரிச்சலூட்டுகிறது என்பது இப்போது புரியும். சொல்வதற்கு முதலில் உணர வேண்டும், நினைவில் வைக்க வேண்டும், சொன்ன பிறகு நடந்ததா என்று பார்க்க வேண்டும். நான்கில் மூன்று பங்கு அந்த 'சொல்வதில்' இருக்கிறது.

அதனால் வேலையைத் துண்டாகக் கொடுக்காதீர்கள், தலை முதல் வால் வரை கொடுங்கள். "பிள்ளைக்கு மருந்து வாங்கிட்டு வாங்க" என்பது துண்டு. "பிள்ளையின் மருத்துவம் இனி உங்க பொறுப்பு; தேதி பார்ப்பது, அழைச்சிட்டுப் போறது, மருந்து தீருமுன்ன வாங்குறது எல்லாம்" என்பது முழுசு. கொடுத்த பிறகு கடினமான பகுதி நம்முடையது: அவர் வேறு மாதிரி செய்வார், ஒருமுறை மறப்பார், நாம் நடுவில் புகக் கூடாது. புகுந்தால் கண்காணிப்பு மறுபடி நம்மிடம். அலுவலகத்திலும் இதே கதைதான்; கூட்டக் குறிப்பு எழுதுவது, பிறந்தநாளை நினைவில் வைப்பது, புதிதாக வந்தவரைக் கவனிப்பது எல்லாம் யார் தலையில் தானாக விழுகிறது என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். அதைக் கூட்டத்தில் சுழற்சி முறையில் மாற்றக் கேட்பது பதற்றத்துக்கான சிகிச்சைதான், சந்தேகமே வேண்டாம்.

படி 8: இரவு

படுக்கும் முன் 5 நிமிடம், நாளை செய்ய வேண்டியவற்றைத் தாளில் எழுதுங்கள். 2018-இல் 57 பேரைத் தூக்க ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தபோது, இப்படி எழுதியவர்கள், அன்று முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு துல்லியமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். முடியாத வேலைக்கு ஒரு திட்டம் கிடைத்துவிட்டால் மனம் அதை நச்சரிப்பதை விட்டுவிடுகிறது.

தூக்கம் வராமல் 20 நிமிடம் போல ஆகிவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போங்கள். மங்கிய வெளிச்சத்தில் சுவாரசியமே இல்லாத எதையாவது படியுங்கள், கண் சொருகும்போது திரும்புங்கள். கட்டில் யோசிக்கும் இடம் என்று மூளை பழகிவிடக் கூடாது. இரவு 2 மணிக்கு எடுத்த எந்த முடிவையும் காலை 9 மணி வரை செயல்படுத்துவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக வாட்ஸ்அப்பில்.

படி 9: உங்களிடம் நீங்கள் பேசும் விதம்

தோழி இதே தவறைச் செய்துவிட்டு அழுதால் என்ன சொல்வீர்களோ, அதைச் சொல்லுங்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கிறது, செய்யக் கூச்சமாக இருக்கும். ஈதன் கிராஸும் அவருடைய சகாக்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சின்ன உத்தி இருக்கிறது: 'நான்' என்று பேசாமல், உங்கள் பெயரைச் சொல்லி வெளியாள் போலப் பேசுங்கள். அப்படிப் பேசியவர்கள் மேடைப் பேச்சு போன்ற பதற்றமான கட்டங்களைக் கூடுதல் நிதானத்தோடு கடந்தார்கள்.

தோழியிடம் பேசுவது நல்லதுதான். ஆனால் ஒரே விஷயத்தை மூன்றாவது முறை, புதிதாக எதுவும் இல்லாமல் அலசினால் அது இருவரும் சேர்ந்து அசைபோடுவது. இரண்டு பேருக்கும் தூக்கம் போகும்.

படி 10: எப்போது உதவிக்குப் போக வேண்டும்

பெரும்பாலான நாட்களில், 6 மாதம் அல்லது அதற்கு மேல், அடக்க முடியாத கவலை. கூடவே அமைதியின்மை, சீக்கிரம் களைப்பு, கவனம் சிதறல், எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் கேடு ஆகியவற்றில் குறைந்தது மூன்று. அதனால் வாழ்க்கை பாதிக்கப்படுகிறது. இப்படி இருந்தால் மருத்துவத்தில் அதைப் பொதுப் பதற்ற நோய் என்பார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஜிஏடி-7 என்ற ஏழு கேள்வித் தாள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 21-க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒருவரைப் பார்ப்பது நல்லது.

இதில் நம் கூட்டத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. "வாழ்க்கை பாதிக்கப்படுகிறதா?" என்ற கேள்விக்கு நாம் 'இல்லை' என்று எழுதுவோம், ஏனென்றால் வேலை நடக்கிறது. கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: இந்த வேலையை இப்படியே நடத்திக்காட்ட எனக்கு எவ்வளவு செலவாகிறது? தூக்கம், உடம்பு, வீட்டில் கத்தல், ஞாயிற்றுக்கிழமை மாலைகள் எல்லாவற்றையும் அந்தச் செலவில் சேருங்கள்.

அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, சுருக்கமாக சிபிடி, பதற்றத்துக்கு நன்றாக ஆராயப்பட்டு நிரூபிக்கப்பட்ட முறை. மேலே சொன்ன படிகளில் பல அதிலிருந்து வந்தவைதான். கூடவே ஒருவர் இருந்து நடத்தும்போது வேகம் வேறு. வாரம் ஒருமுறை என்று சில மாதங்கள் போகும். மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவர் சொல்வார். வழக்கமாக முதலில் தரும் மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், அதற்குள் நிறுத்திவிடாதீர்கள்; பிறகும் நீங்களாக நிறுத்தாதீர்கள். உடனே படபடப்பை அடக்கும் மாத்திரைகளில் சில பழக்கமாகிவிடக்கூடியவை. தோழியிடமிருந்து ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளும் வேலையே வேண்டாம்.

வாழவே பிடிக்கவில்லை, இல்லாமல் போய்விடலாம் என்ற நினைப்பு வந்தால் இந்தப் படிகள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவமனைக்கோ உங்கள் நாட்டின் மனநல உதவி எண்ணுக்கோ போய்ச் சேருங்கள்.

உதவிக்குப் போகும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆலோசகரிடமும் நாம் நல்ல மாணவி ஆகப் பார்ப்போம். அவர் கொடுத்த வீட்டுப்பாடத்தை வண்ணம் தீட்டி, அட்டை போட்டு எடுத்துப் போவோம். "இந்த வாரம் எப்படி?" என்றால் "ரொம்ப முன்னேற்றம்!" என்போம். நான் நான்கு வாரம் அப்படி நடித்தேன். ஐந்தாவது வாரம் வீட்டுப்பாடம் செய்யாமலே போய், "செய்யலை, இந்த வாரம் மோசம்" என்று சொன்ன அன்றுதான் சிகிச்சை தொடங்கியது.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. ப்ரமோஷன், புது வேலை, பிரசவம், வீட்டில் யாருக்காவது நோய் என்று ஏதாவது வரும்போது பழைய மோட்டார் திரும்ப ஓடும். மெயிலை ஏழு முறை படிப்பது திரும்ப ஆரம்பித்திருப்பதுதான் எனக்கு முதல் அடையாளம். உங்களுக்கு எது என்று கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். அது தென்பட்டதும் பத்துப் படியையும் தூசி தட்ட வேண்டாம். இரண்டு வாரம் கவலை நேரம், ஒரே ஒரு சோதனை. நோட்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிந்திருந்தால் போதும். என்னுடையது அந்த அசௌகரியமான நாற்காலிக்குக் கீழே கிடக்கிறது.